இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால் என்ஜினைக் கழற்றாதீர்கள்

சுன்னாகத்திலிருந்து ஒரு ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் இருப்பது மாமனார் விட்டுச்சென்ற 1970ஆம் ஆண்டு மினி 1000, ஸ்ரீ இலக்கத் தகட்டு வண்டி. டாஷ்போட்டில் மூன்று வட்டம்: நடுவில் பெற்றோல் முள்ளையும் உள்ளடக்கிய ஸ்பீடோ மீற்றர், இரு பக்கமும் ஒயில் மீற்றரும் சூட்டு மீற்றரும். தை மாதம் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை எடுத்துவிட்டு ஒல்ட்டனேற்றர் போட்டிருக்கிறார்கள். அதே கையோடு டாஷ்போட்டுக்குப் புது ரெக்சினும் ஒட்டியிருக்கிறார்கள். மாசியிலிருந்து பிரச்சினை. வண்டி புறப்பட்டுப் பத்து நிமிடத்துக்குள் சூட்டு முள், அதிகச் சூட்டைக் குறிக்கும் எச் (H) எழுத்தருகே போய்விடுகிறது. இரவில் லைற் போட்டால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. ஆவி இல்லை, தண்ணீர் குறையவில்லை, இழுவையும் குறையவில்லை.

முதல் மெக்கானிக், தண்ணீர் சூடான பிறகே றேடியேற்றருக்கு வழிவிடும் தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு றேடியேற்றர் கோரையும் மாற்றினார். முள் அசையவில்லை. இரண்டாமவர் ஹெட் கஸ்கெற் (என்ஜினின் மேற்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்றிச் சீவ வேண்டும் என்கிறார். இதற்கிடையில் கிளிநொச்சி போகும் வழியில் பளைக்கு அருகே பெற்றோல் தீர்ந்து, பிள்ளைகளோடு வெயிலில் நின்றிருக்கிறார்கள். அப்போதும் பெற்றோல் முள் காலிக் கோட்டில் இல்லை. கால் அடையாளத்துக்குப் பாதி வழியில் நின்றது. அதற்கு, தாங்கிக்குள் இருந்து பெற்றோல் அளவை மீற்றருக்குச் சொல்லும் தாங்கி யூனிட்டை மாற்றச் சொல்கிறார் மூன்றாமவர். பக்கத்து வீட்டுக்காரர், மீற்றருக்கு பற்றரியிலிருந்து நேரே கரண்ட் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். கணவரோ, பழைய காரென்றால் இப்படித்தான், முள்ளைப் பார்க்காமல் ஓட்டு என்கிறார். யாரை நம்புவது, செலவழித்த காசைத் திருப்பிக் கேட்கலாமா என்பவை சகோதரியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஹெட்டைக் கழற்ற இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எல்லாவற்றையும்விட முக்கியமானது: "பெற்றோல் நிரப்பினால் முள் எஃப்பைத் தாண்டி ஓரத்தில் முட்டி நிற்கிறது, முந்தி அப்படி இல்லை." மூன்று மெக்கானிக்குகளும் சூட்டையும் பெற்றோலையும் தனித்தனி நோய்களாகப் பார்த்திருக்கிறார்கள். என்ஜினில் இருக்கும் தண்ணீருக்கும் டிக்கியில் இருக்கும் பெற்றோலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அவற்றைக் காட்டும் இரண்டு முள்ளும் ஒரே மாதத்தில், ஒரே திசையில், அளவுக்கு மேல் காட்டத் தொடங்கியிருக்கின்றன. அப்படியானால் இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும் ஓர் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒயில் முள் ஒழுங்காக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் நல்ல சாட்சி. உங்கள் மினியின் ஒயில் மீற்றருக்கு மின்சாரமே தேவையில்லை. என்ஜினிலிருந்து வரும் மெல்லிய குழாயில் ஒயிலின் அமுக்கமே முள்ளைத் தள்ளுகிறது. மின்சாரத்தில் ஓடும் இரண்டு மட்டுமே பொய் சொல்கின்றன.

அந்தப் பொது இடம் எது

ஸ்பீடோ மீற்றருக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதுதான் ஸ்ரெபிலைசர். சாவியைத் திருப்பியதும் பச்சை வயரில் வரும் பற்றரி மின்சாரம் அதன் பி (B) முனையில் நுழைந்து, ஐ (I) முனையிலிருந்து இளம்பச்சை வயரில் சராசரி 10 வோல்ட்டாக இரண்டு மீற்றருக்கும் போகிறது. சூட்டு மீற்றரிலிருந்து பச்சையில் நீலக் கோடு போட்ட வயர் என்ஜினுக்கும், பெற்றோல் மீற்றரிலிருந்து பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயர் தாங்கிக்கும் போகும். 50 வருடத்தில் யாராவது வயரை மாற்றியிருந்தால் நிறமும் மாறியிருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பாமல் வயர் போய்ச் சேரும் இடத்தையும் பாருங்கள்.

பெட்டிக்குள் இருப்பது இரு உலோகங்கள் ஒட்டிய ஒரு பட்டையும் அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பியும். கம்பி சூடாகிப் பட்டை வளைந்தால் தொடர்பு விடும், ஆறினால் மறுபடி பிடிக்கும். இப்படி விட்டுவிட்டுக் கொடுப்பதன் சராசரிதான் அந்த 10 வோல்ட். மீற்றரின் முள்ளும் இதேபோன்ற சூடேறும் பட்டையில்தான் இயங்குகிறது. சாவியைத் திருப்பினால் முள் துள்ளாமல் மெதுவாக ஊர்ந்து ஏறுவது அதனால்தான்.

அந்தக் கம்பி சூடாக வேண்டுமென்றால் பெட்டியின் உடம்பு வண்டியின் பொடியோடு (தகர உடற்பகுதியோடு) உலோகத்துக்கு உலோகம் தொட்டு எர்த் ஆகவேண்டும், அதாவது மின்சாரம் பொடி வழியே பற்றரிக்குத் திரும்ப வேண்டும். எர்த் விட்டுப்போனால் கம்பி சூடாகாது, தொடர்பு விடாது, பற்றரி வோல்ட் முழுவதும் மீற்றருக்குப் போகும். ஒல்ட்டனேற்றர் ஓடும்போது அது 14 வோல்ட் அளவில் இருக்கும். வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்றபடி சூடு கூடும். பத்தின் வர்க்கம் 100, பதினான்கின் வர்க்கம் 196. ஆகவே பட்டையில் ஏறும் சூடு ஏறக்குறைய இரட்டிப்பு.

அது முள்ளில் எப்படித் தெரியும்? நடுவில் நிற்க வேண்டிய சூட்டு முள் எச்சை நெருங்கும். அரைத் தாங்கி பெற்றோல் முக்காலைத் தாண்டிக் காட்டும், நிறைந்த தாங்கி ஓரத்தில் முட்டும். தாங்கி காலியாகும்போது ஏமாற்று குறைந்துவிடும்; காலிக் கோட்டுக்குச் சற்று மேலே மட்டும் காட்டும். உங்களைப் பளையில் நிறுத்தியது அந்தச் சற்றுத்தான்.

லைற் போட்டால் இன்னும் ஏறுவது ஏன்? லைற்றோடு டாஷ்போட் பல்புகளும் எரியும். அவையும் ஸ்ரெபிலைசரும் ஒரே கெட்ட எர்த் வழியே திரும்பினால் பல்பின் மின்சாரம் அந்த வழியை நெருக்கும், ஸ்ரெபிலைசரின் கம்பிக்குக் கிடைப்பது இன்னும் குறையும். பெட்டிக்குள் தொடர்புகள் ஒட்டிப்போயிருந்தாலும் இரண்டு முள்ளும் ஏறும்தான். ஆனால் அப்போது லைற் போட்டால் முள் அசையாது, அல்லது வோல்ட் சற்று விழுவதால் கொஞ்சம் இறங்கும். உங்கள் வண்டியில் ஏறுகிறது. அதனால்தான் பெட்டியைவிட எர்த்தையே முதலில் சந்தேகிக்கிறேன். ரெக்சின் ஒட்டுவதற்கு ஸ்பீடோ மீற்றரை வெளியே எடுத்திருப்பார்கள். திரும்பப் பூட்டும்போது பெட்டியின் திருகு தளர்ந்திருக்கலாம், எர்த் வயர் விடுபட்டிருக்கலாம், ரெக்சின் மடிப்போ பசையோ உலோகத்துக்கு இடையில் மாட்டியிருக்கலாம். பார்க்காமல் அந்த கராஜின் தவறென்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய இடம் அது.

என்ஜின் உண்மையிலேயே சூடாகிறதா

தெர்மோஸ்ரற் இல்லாத என்ஜின் சூடேறப் பிந்தும். உங்கள் முள் மட்டும் அதைக் கழற்றிய பிறகும் பத்தே நிமிடத்தில் எச்சுக்குப் போகிறது. இது முள்ளுக்கு எதிரான சாட்சி. ஆனாலும் ஹெட் விஷயம் என்பதால் ஊகத்தில் விடக்கூடாது.

தூரத்தில் பிடித்துச் சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை இரவல் வாங்குங்கள். தெர்மோஸ்ரற் மூடியின்மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் ரேப் ஒட்டி, அதன்மேல் பிடித்துப் பாருங்கள். பளபளப்பான அலுமினியத்தில் நேரே பிடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அரை மணி நேரம் ஓடிய பிறகு 75 முதல் 95 பாகை செல்சியஸுக்குள் இருந்தால் என்ஜின் சுகமாக இருக்கிறது. றேடியேற்றர் மூடி 13 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தாங்கும் வரை வெறும் தண்ணீர்கூட 115 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். 105ஐத் தாண்டுகிறதென்றால் நான் மேலே சொன்னதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், வண்டியை நிறுத்திவிடுங்கள்.

ஹெட் கஸ்கெற் போனதற்குத் தனி அடையாளங்கள் உண்டு: காலையில் தண்ணீர் குறைந்திருப்பது, என்ஜின் ஓடும்போது றேடியேற்றரில் இடைவிடாமல் குமிழி வருவது, ஒயில் மூடியின் உட்பக்கம் பால் கலந்ததுபோல் படிவது, புகைக்குழாயில் நிற்காத வெள்ளை ஆவி. இதில் ஒன்றுமே நீங்கள் எழுதவில்லை. காலைக் குளிரில் றேடியேற்றர் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள்.

தெர்மோஸ்ரற்றைத் திரும்பப் போடுங்கள். இந்த என்ஜினுக்கு 82 பாகையில் திறப்பது வழக்கமானது, வெக்கையான நாடுகளுக்கு 74 பாகையும் உண்டு. யாழ்ப்பாண வெயிலுக்கு எது போட்டாலும் பழுதில்லை. நம் நாட்டு வெக்கைக்குத் தெர்மோஸ்ரற் எதற்கு என்று கேட்காத கராஜ் குறைவு. குளிர்ந்தே ஓடும் என்ஜினில் சோக் நீண்ட நேரம் வேண்டும், பெற்றோல் கூடக் குடிக்கும், சிலிண்டர் சுவர் விரைவாகத் தேயும். அந்த நட்டம் முள்ளில் தெரியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

ஒரு சாதாரண மல்டிமீற்றர், இரு முனையிலும் கிளிப் உள்ள இரண்டு மீற்றர் வயர், 68 ஓம் றெசிஸ்ரர் ஒன்று. இவை போதும்.

முதலில் கருவியே வேண்டாம். என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, இரண்டு நிமிடம் கழித்துப் பெற்றோல் முள் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். பிறகு என்ஜினை ஸ்ரார்ட் செய்து, அதே இடத்தில் நிறுத்தி வைத்தபடி இரண்டு நிமிடம் சற்று வேகமாக ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்ரெபிலைசர் வேலை செய்தால் இரண்டும் ஒரே இடம். 12இலிருந்து 14க்கு வோல்ட் ஏற ஏற முள்ளும் ஏறினால் ஸ்ரெபிலைசர் பக்கம் பழுது என்பது நிச்சயம்.

அடுத்து மல்டிமீற்றரை 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையை பொடியிலும் சிவப்பு முனையை ஸ்ரெபிலைசரின் ஐ முனையிலும் பிடியுங்கள். சாவியைத் திருப்பியதும் கொஞ்ச நேரம் முழு வோல்ட் காட்டும், அது இயல்பு. இரண்டு நிமிடத்துக்குப் பிறகு எண்கள் பூச்சியத்துக்கும் 12க்கும் இடையில் ஆட வேண்டும். இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பெட்டி பழுதென்று சொல்பவர்கள் உண்டு. ஆடினால்தான் அது உயிரோடு இருக்கிறது. ஆடாமல் 12க்கு மேலேயே நின்றால் அதுதான் உங்கள் வருத்தம்.

இப்போது கிளிப் வயரின் ஒரு முனையைப் பெட்டியின் தகர உடம்பிலோ ஈ (E) என்று குறித்த முனையிலோ மாட்டுங்கள். மறுமுனையை பெயின்ற் இல்லாத ஒரு திருகில் பொடியில் மாட்டுங்கள். பி முனையில் மட்டும் கிளிப் படக்கூடாது. பட்டால் ஃபியூஸ் போகும். ஓரிரு நிமிடத்தில் எண்கள் ஆடத் தொடங்கி இரண்டு முள்ளும் மெல்ல இறங்கினால் நோய் பிடிபட்டது. செய்ய வேண்டியது ஒரு புது கறுப்பு வயர், வளைய முனை இரண்டு, எமரித் தாளால் பளபளக்கத் தேய்த்த ஒரு திருகு. இவ்வளவுக்காகத்தான் றேடியேற்றர் கோர் மாறியிருக்கிறது.

பெட்டியைத் திரும்பப் பூட்டும்போது பி, ஈ முனைகள் மேலே இருக்கவேண்டும், நிமிர்ந்த நிலையிலிருந்து 20 பாகைக்கு மேல் சாயக்கூடாது. உள்ளே சூட்டில் வளையும் பட்டை என்பதால் சாய்த்துப் பூட்டினால் சராசரி வோல்ட் மாறும். கேபிள் ரையில் கட்டித் தொங்கவிட்டிருந்தால் எர்த்தும் இல்லை, நிமிர்வும் இல்லை.

எர்த் கொடுத்தும் முள் இறங்கவில்லையென்றால் பெட்டியை மாற்றுங்கள். தெரிந்த எலெக்ட்ரோனிக்ஸ் பொடியன் 7810 என்ற மூன்று கால் ஐசியில், நுழைவில் 0.33, வெளியேறுமிடத்தில் 0.1 மைக்ரோஃபராட் கப்பாசிற்றர் வைத்துச் செய்து தருவான். அது சாயலாம், குலுங்கலாம், ஆடாமல் 10 வோல்ட் தரும். ஆனால் அதன் நடுக்காலுக்கும் எர்த் வேண்டும். எர்த்தைச் சரிசெய்யாமல் இதைப் போட்டால் காசும் போய்ப் பழுதும் அப்படியே நிற்கும். 7810, பற்றரியின் நெகற்றிவ் முனை பொடியோடு சேரும் நெகற்றிவ் எர்த் வண்டிக்கே பொருந்தும். 1969க்கு முந்திய மினிகள் பொசிற்றிவ் எர்த். உங்களுடையது அதற்குப் பிந்தியது, ஒல்ட்டனேற்றரும் போட்டாயிற்று. என்றாலும் பற்றரியின் எந்த முனை பொடிக்குப் போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தாங்கி யூனிட்டை ஏன் மாற்ற வேண்டாம்

தாங்கிக்குள் மிதவையோடு அசையும் ஒரு தடை இருக்கிறது. உங்கள் வகை மீற்றருக்கு நிறைந்தபோது 20 முதல் 30 ஓம், காலியானபோது 240 முதல் 260 ஓம் அளவில் இருக்கும். தடை குறைந்தால் முள் ஏறும். இப்போது யோசித்துப் பாருங்கள்: கம்பி தேய்ந்தாலும், யூனிட்டின் எர்த் துருப்பிடித்தாலும், வயர் அறுந்தாலும் தடை கூடத்தான் செய்யும், முள் இறங்கத்தான் செய்யும். மிதவை ஓட்டையாகிப் பெற்றோல் புகுந்தாலும் முள் கீழேதான் கிடக்கும். யூனிட்டின் வழக்கமான பழுதுகள் குறைவாகவே காட்டும். உங்களுக்குக் கூடுதலாகக் காட்டுகிறது. பச்சை கறுப்பு வயர் வழியில் எங்காவது பொடியில் உரசினால் கூடக் காட்டலாம். ஆனால் அதற்காகச் சூட்டு முள் ஏறாது.

இன்னொரு காரணமும் உண்டு. மினியின் யூனிட் தாங்கியின் மேலே இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. தாங்கியை வற்றவிடாமல் கழற்றினால் பெற்றோல் டிக்கிக்குள் ஊற்றும், அதே டிக்கியில்தான் பற்றரியும் இருக்கிறது. என்றாவது கழற்ற வேண்டி வந்தால் டிக்கியைத் திறந்து காற்றாட விட்டு, முதலில் பற்றரியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டுத்தான் தாங்கியில் கை வைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையை அன்போடு மறுத்துவிடுங்கள். பற்றரியை மீற்றருக்கு நேரே கொடுத்தால் உள்ளிருக்கும் மெல்லிய சுற்றுக் கம்பி எரிந்துபோகலாம். யூனிட் வயரைக் கழற்றி பொடியில் முட்டிப் பார்க்கும் வழக்கமும் இந்த வகை மீற்றருக்கு ஆகாது. ஸ்ரெபிலைசர் 14 வோல்ட் விடும்போது அது இரட்டை ஆபத்து. எர்த் சரியான பிறகும் ஒரு முள் மட்டும் முரண்டு பிடித்தால் அதன் யூனிட் வயரைக் கழற்றி, 68 ஓம் றெசிஸ்ரர் வழியாக பொடியில் தொடுங்கள். முள் நடுவுக்கு அருகே வந்தால் மீற்றரும் வயரும் நல்லவை, பழுது யூனிட்டில். வராவிட்டால் மீற்றரில் அல்லது வயரில். புதிதாக ஏதோ ஒரு மீற்றர் வாங்கிப் பொருத்தும் எண்ணம் இருந்தால், யூனிட்டோடு அதன் ஓம் கணக்கு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். காலியில் 10 ஓம், நிறைவில் 180 ஓம் என்று தலைகீழாக வேலை செய்யும் வகைகளும் கடையில் உண்டு.

செலவழித்த காசு

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும், உங்களிடம் இருப்பது றேடியேற்றருக்கு மட்டும் என்கிறீர்கள். என் எண்ணத்தை ஒளிக்காமல் சொன்னால், 50 வருட வண்டிக்குப் புது கோர் வீண்போகாது, அதற்காக மல்லுக்கட்டுவதில் பெரிய பலன் இல்லை. ரெக்சின் ஒட்டிய இடத்தில் மட்டும் கேளுங்கள். போவதற்கு முன் ஸ்பீடோவின் பின்பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி தொங்குவதோ எர்த் வயர் அந்தரத்தில் நிற்பதோ படத்தில் தெரிந்தால், காசில்லாமல் திருத்தித் தருவது அவர்கள் கடமை. பெரும்பாலும் வாக்குவாதமே வராது. இனி எந்த கராஜிலும் கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி வாருங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி: இன்றைக்கு அந்த முள்ளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மற்றப் பாதிதான் எனக்குப் பயம். எப்போதும் எச் எழுத்தில் நிற்கும் முள், நாளைக்கு விசிறிப் பட்டி அறுந்து என்ஜின் உண்மையாகவே கொதித்தாலும் அதே எச் எழுத்தில்தான் நிற்கும். ஆகவே திருத்தும் வரை நீண்ட பயணம் வேண்டாம். பெற்றோலுக்கு, தாங்கியை நிரப்பிய அன்று ஓடிய தூரத்தைக் குறித்து வையுங்கள். அது 25 லீற்றர் தாங்கி. உங்கள் வண்டி லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று உங்களுக்குத் தெரியும், அதில் 18 லீற்றர் கணக்கு வந்ததும் நிரப்புங்கள். ஒரு தடவை அடிவரை வற்றியதால் தாங்கியின் அடிமண் குழாய்க்குள் இழுபட்டிருக்கும். பெற்றோல் ஃபில்ற்றரையும் கழற்றிப் பாருங்கள்.

திருத்திய பிறகும் மனம் ஆறாவிட்டால் மறுபடி எழுதுங்கள். மூன்று எண்கள் வேண்டும்: என்ஜின் ஓடும்போது பற்றரி வோல்ட், ஐ முனையில் கண்டது, கறுப்பு ரேப்பின்மேல் கண்ட சூடு. பற்றரி வோல்ட் 15ஐத் தொட்டால் ஒல்ட்டனேற்றரைப் பற்றி வேறு கதை பேச வேண்டியிருக்கும்.